பஞ்சியா, களைப்பா? வளரும் பிள்ளைகளின் தசைச் சோர்வு

"அப்பா, கால் உளையுது. ஏலாமக் கிடக்கு."

இல்ல விளையாட்டுப் போட்டிக்கான மரதன் ஓட்டப் பயிற்சி தொடங்கிய வாரத்தில் என் மகன் சொன்னது இது. அவனுக்கு வயது 14. விடிய நாலரைக்கு எழும்பி ரியூசனுக்குப் போய், அங்கிருந்து பாடசாலைக்குப் போய், பின்னேரம் பயிற்சி முடித்து, இன்னொரு ரியூசனுக்கும் போய்விட்டு வந்து நின்றான். நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பஞ்சிப்படாதை. உன்ரை வயசிலை நான் அரிசி மூட்டையோடை மானிப்பாயிலையிருந்து சாவகச்சேரி மட்டும் நடந்தனான்" என்றேன்.

சொன்னதில் பொய் இல்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்த அந்த இரவில் எனக்கு 13 வயது. மழைக்குள், செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து, இருபது கிலோமீற்றருக்கு மேல். சைக்கிளில் மூட்டை, அதன் மேல் அப்பாச்சி. நடந்தது உண்மை. ஆனால் அந்த உண்மையை என் பிள்ளையின் காலுக்கு அளவுகோலாக வைத்தது பிழை என்பதை விளங்க எனக்கு இன்னும் இரண்டு கிழமை பிடித்தது.

இரண்டாவது கிழமை அவன் வீட்டு வாசற்படியில் ஏறாமல் அப்படியே குந்திவிட்டான். கீழ் இமையை இழுத்துப் பார்த்த மனைவி, உள்ளே சிவப்பே இல்லை என்று சொல்லி வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரத்தப் பரிசோதனையில் ஈமோகுளோபின் 10.6. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 12 முதல் 14 வயது வரையான பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, 12க்குக் குறைந்தால் அது குருதிச்சோகை. நான் தசை பற்றியும் குருதி பற்றியும் வகுப்பில் படம் கீறிப் படிப்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர். என் வீட்டுக்குள் இருந்ததைக் கண்டுபிடித்தது நான் அல்ல.

அதன் பிறகு வைத்தியரிடம் கேட்டதும், தேடிப் படித்ததும், வகுப்பில் இத்தனை வருடம் பார்த்தும் கவனிக்காமல் விட்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. எங்கள் ஊர்களில் இந்த வயதுப் பிள்ளை 'ஏலாது' என்றால் நாங்கள் முதலில் எடுக்கும் சொல் பஞ்சி. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

பெற்றோர் பலர் கேட்கும் கேள்வியில் இருந்து தொடங்கலாம். பத்து வயதில் காலை முதல் இரவு வரை ஓடித் திரிந்தும் களைக்காத பிள்ளை, பதின்நான்கு வயதில் உடம்பு பெருத்த பிறகு ஏன் களைக்கிறது? பெருத்தால் பலம் கூடத்தானே வேண்டும்? பலம் கூடத்தான் செய்கிறது. ஆனால் தசை வேலை செய்யும் முறையும் அதே காலத்தில் மாறுகிறது. சிறு பிள்ளையின் தசை பெரும்பாலும் ஒட்சிசனைக் கொண்டு சக்தியை எடுக்கிறது. அந்த முறை மெதுவானது, ஆனால் நீடித்து நிற்கும். களைத்தாலும் சில நிமிடத்தில் மீளும். 2018இல் பிரான்சிலுள்ள ஆய்வாளர்கள் பருவமடையாத சிறுவர்களையும், பயிற்சி இல்லாத பெரியவர்களையும், நெடுந்தூர விளையாட்டு வீரர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். களைப்பிலிருந்து மீள்வதில் சிறுவர்களின் உடல் அந்த வீரர்களின் உடலுக்கு நெருக்கமாக இருந்தது. பருவமடையும்போது தசையில் ஒட்சிசன் இல்லாமலே சக்தியை வேகமாக எடுக்கும் முறை வலுக்கிறது. அது வேகத்தையும் பாரம் தூக்கும் பலத்தையும் தரும். ஆனால் கெதியில் களைக்கும், மீள நேரம் எடுக்கும். ஆக, முன்பு களைக்காத பிள்ளை இப்போது களைக்கிறது என்பதில் அரைவாசி இயற்கை.

மறு அரைவாசி வளர்ச்சியின் ஒழுங்கில் இருக்கிறது. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. முதலில் பாதம் பெருக்கும். தைப்பொங்கலுக்கு வாங்கிய சப்பாத்து சித்திரைக்குப் போதாமல் போனால் வளர்ச்சி வேகம் எடுத்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு கால் எலும்புகள் நீளும், அதன் பின்தான் உடல். இந்த வேகமான வளர்ச்சி பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 11, 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலும் உச்சத்துக்கு வரும். அந்த ஒரு வருடத்தில் எட்டு, ஒன்பது சென்ரிமீற்றர் வளர்வது சாதாரணம். எலும்பு நீண்ட வேகத்தில் தசை பலம் பெறுவதில்லை. ஆண்பிள்ளைகளில் தசைப் பலம் உச்ச வேகத்தில் கூடுவது, உயரம் உச்ச வேகத்தில் கூடி ஆறு மாதம், ஒரு வருடம் கழிந்த பிறகுதான். முந்தி எங்கள் தோட்டக் கிணறுகளில் துலா மிதித்ததைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். துலாவை நீட்டிவிட்டு, மிதிக்கிற ஆளை மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும்? அந்தச் சில மாதங்களில் பிள்ளை தட்டுத்தடுமாறி நடப்பதும், கோப்பையைத் தட்டி விழுத்துவதும், தொடையும் கெண்டைக்காலும் இறுகி உளைவதும் இதனால்தான்.

முழங்காற் சில்லுக்குக் கீழே, எலும்பில் தசைநாண் பொருந்தும் இடத்தில் ஒரு புடைப்பும் வலியும் வரும் பிள்ளைகளும் உண்டு. ஓடுகிற, பாய்கிற பிள்ளைகளுக்கு அதிகம். வளரும் எலும்பின் மென்மையான இடத்தைத் தசைநாண் இழுப்பதால் வருவது. வளர்ச்சி முடிய அடங்கிவிடும். அதுவரை ஓட்டத்தைக் குறைத்து, ஐஸ் ஒற்றடம் வைத்து, தொடைத் தசையை மெதுவாக நீட்டும் பயிற்சி செய்தால் போதும். எண்ணெய் போட்டு உருவி நெட்டி முறிக்கத் தேவையில்லை.

இவ்வளவும் இயற்கை என்றால் இரும்புக் குறைவு எங்கே இருந்து வந்தது என்று வைத்தியரிடம் கேட்டேன். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. உடம்பு பெருக்கும்போது இரத்தத்தின் அளவும் பெருக வேண்டும். ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். தசைக்குள் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்துக்கும் இரும்பு வேண்டும். ஆண்பிள்ளைக்குத் தசை அதிகம் வளர்வதால் இந்தத் தேவை திடீரென்று ஏறுகிறது. பெண்பிள்ளைக்கு வளர்ச்சியோடு மாதவிடாய் இழப்பும் சேர்கிறது. தேவை ஏறும் இதே வயதில்தான் எங்கள் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டைக் கைவிடுகிறார்கள். என் மகன் காலையில் குடித்தது ஒரு தேத்தண்ணி, இரண்டு பிஸ்கற். பாடசாலை இடைவேளையில் ஒரு ரோல்ஸ். மத்தியானச் சோறு மூன்று மணிக்கு, உடனே மீண்டும் தேத்தண்ணி. உணவில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கிறது. ஆக, சாப்பிட்ட கொஞ்சமும் சேரவில்லை.

அப்போது வைத்தியர் இன்னொன்றைக் கேட்டார். "உங்களுக்கு அந்த வயதில் என்ன சாப்பாடு?"

அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து கதவு நிலையைப் பார்த்தேன். அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்களை நிலையோடு நிறுத்தி பென்சிலால் கோடு போடுவார். 1994 கோடும் 1995 கோடும் நல்ல இடைவெளியில் இருக்கின்றன. 1996 பொங்கலுக்கு நாங்கள் தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில். அந்த வருடம் நடுவில் திரும்பி வந்தபோது கதவு இல்லை, நிலை இருந்தது. அம்மா மறுபடி நிறுத்திக் கோடு போட்டார். 1995 கோட்டுக்கும் அதற்கும் இடையில் என் பெருவிரல் கூடப் போகாது. நன்றாக வளர வேண்டிய ஒன்றரை வருடம் அது. அக்காவின் கோடும் அப்படியே. அவர் பெரியபிள்ளையானது 16 வயதுக்குப் பிறகு; 'ஏன் இவள் இன்னும்' என்று கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. பொஸ்னியப் போரின்போது முற்றுகைக்குள் இருந்த ஸ்ரெப்ரெனிற்சா நகரச் சிறுமிகள் பிந்திப் பருவமடைந்ததை அங்குள்ள வைத்தியர்கள் பதிந்திருக்கிறார்கள். பசியும் பயமும் நீடித்தால் உடம்பு வளர்ச்சியை ஒத்திவைக்கிறது. அக்காவுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. சாப்பாடுதான் இருக்கவில்லை.

ஆகவே, நான் மூட்டையோடு நடந்தது பலத்தால் அல்ல. வேறு வழி இல்லாததால். அன்று யாராவது என் கீழ் இமையை இழுத்துப் பார்த்திருந்தால் என்ன நிறம் இருந்திருக்கும் என்று தெரியாது. பொருளாதாரத் தடைக்குள், ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த நாங்கள் இன்று பெற்றோர். எங்கள் வாயில் இருந்து 'நாங்கள் அந்தக் காலத்திலை' என்று வருவது இயல்பு. வன்னியில் இருந்து 2009க்குப் பிறகு வந்து இங்கே குடியமர்ந்த குடும்பங்களில் இந்தச் சொல் இன்னும் பாரமானது. அவர்கள் கடந்தது எங்களுடையதை விட அதிகம். பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கால் உளையுது என்று நிற்கும் நேரத்தில் சொல்ல வேண்டாம்.

பெண்பிள்ளைகள் விடயத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை நல்லதாகச் செய்து, மற்றதைக் கெடுத்துவிடுகிறது. பெரியபிள்ளையானால் உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று கொடுப்பார்கள். உழுந்தில் புரதமும் இரும்பும் உண்டு, முட்டை சொல்லத் தேவையில்லை. முட்டையைப் பச்சையாகக் கொடுப்பதை மட்டும் விட்டு அவித்துக் கொடுக்கலாம். ஆனால் இந்தக் கவனிப்பு சாமத்தியச் சடங்கோடு முடிந்துவிடுகிறது. வீடியோவும் அல்பமும் வந்த பிறகு களியைக் காணோம். இரும்பு இழப்போ அன்றுதான் தொடங்கி மாதாமாதம் தொடர்கிறது. பெரியபிள்ளை ஓடக்கூடாது, சைக்கிளில் தூரம் போகக்கூடாது என்று நிறுத்துவதும் அதே நாளில் இருந்துதான். பயன்படுத்தாத தசை இளகும். பிறகு மாடிப்படி ஏறினால் களைப்பது வியப்பா?

மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை துணி மாற்ற வேண்டி வந்தால் அது 'சிலருக்கு அப்பிடித்தான்' என்று விடக்கூடிய விடயம் அல்ல. வைத்தியரிடம் காட்ட வேண்டும். இதைப் பிள்ளை தானாக வந்து சொல்லாது. வகுப்பில் இனப்பெருக்கத் தொகுதி வரும்போது பக்கத்தைப் புரட்டச் சொல்லும் ஆசிரியர்களையும் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன். இத்தனைக்கும் இது மானிப்பாய். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மனித உடலின் அமைப்பையும் தொழிலையும் தமிழில் நூல்களாக்கி, தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழிலேயே வைத்தியர்களாக்கிய ஊர். அவர் பெயரில் வைத்தியசாலை இன்றும் இங்கே இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தமிழில் எழுதப்பட்டதை இன்று மகளிடம் தமிழில் கதைக்கக் கூச்சப்படுகிறோம்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்? 2022 நெருக்கடிக்குப் பிறகு பால்மாவும் முட்டையும் பல வீடுகளில் கணக்குப் பார்த்து வாங்கும் பொருட்கள். அதனால் விலை கூடியதைச் சொல்லிப் பயனில்லை. நெத்தலி, சூடை போன்ற சிறுமீன் நல்லது. பயறு, கடலை, உழுந்து, குரக்கன், முருங்கையிலை, கீரை எல்லாம் உதவும். ஆனால் தாவர உணவின் இரும்பு தனியே எளிதில் சேராது; தேசிக்காய்ப் புளியோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ கூட இருந்தால் சேரும். கீரைக்கறியில் கடைசியாகத் தேசிக்காய் பிழிவது எங்கள் ஆச்சிமார் அறிந்தோ அறியாமலோ செய்த நல்ல காரியம். தேத்தண்ணியைச் சாப்பாட்டில் இருந்து ஒரு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள். முழுச் சைவக் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விற்றமின் பி12 தாவர உணவில் இல்லை. பால், தயிர் ஒழுங்காகக் கிடைக்காத சைவப் பிள்ளைக்குக் களைப்போடு கைகால் விறைப்பும் வந்தால் அதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பாடசாலையில் வாரம் ஒரு தடவை கொடுக்கும் இரும்புக் குளிசையைப் பிள்ளைகள் சன்னலால் எறிவதை நான் கண்டிருக்கிறேன். வயிற்றைப் பிரட்டுகிறது என்பார்கள். வெறும் வயிற்றில் போட்டால் பிரட்டத்தான் செய்யும். சாப்பிட்ட பிறகு போட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மலம் கறுப்பாகப் போவது குளிசையால்தான், பயப்படத் தேவையில்லை. என் மகனுக்குத் தனியாக மூன்று மாதம் குளிசை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் களைப்புக் குறைந்தது. ஆனால் நிறுத்த விடவில்லை, உடம்பின் சேமிப்பு நிரம்ப வேண்டும் என்றார் வைத்தியர். பூச்சிக் குளிசையையும் தவறவிடக் கூடாது.

நித்திரையைப் பற்றி எழுதினால் ரியூசன் ஆசிரியர்கள் கோபிப்பார்கள். பரவாயில்லை. 13 முதல் 18 வயது வரையான பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரை தேவை. வளர்ச்சி ஓமோன் அதிகம் சுரப்பதும், தசை தன்னைத் திருத்துவதும் நித்திரையில்தான். பருவமடையும்போது நித்திரை வரும் நேரமே பிந்துகிறது. சின்னனில் எட்டரைக்கு விழுந்த பிள்ளைக்குப் பத்தரை மட்டும் கண் மூடாது. இது போனால் மட்டும் வருவதல்ல, உடம்பின் கடிகாரம் தள்ளிப்போகிறது. போன் அதை இன்னும் தள்ளுகிறது, உண்மைதான். பதினொரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழும்பினால் ஐந்தரை மணித்தியாலம். அந்தப் பிள்ளையை மரதன் ஓடச் சொல்வது என்ன நியாயம்? நாங்கள் காலை ரியூசனில் இரண்டை நிறுத்தினோம். புள்ளி குறையவில்லை.

மரதன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 மார்ச் மாதம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த வீட்டின் துயரத்துக்கு இங்கே காரணம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வெயில் ஏறிய பிறகு ஓடவிடாமல் இருக்கலாம், தண்ணீர் வைக்கலாம், இரண்டு மூன்று கிழமை சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டலாம், காய்ச்சல் வந்து எழும்பிய பிள்ளையை நிறுத்தி வைக்கலாம். டெங்கு வந்து போன பிள்ளைக்குக் களைப்புக் கிழமைக்கணக்கில் இருக்கும். இல்லப் புள்ளிக்காக அந்தப் பிள்ளையை ஓட்டக் கூடாது.

களைப்பு எல்லாம் வளர்ச்சி என்றும் விட முடியாது. ஓடிய பிறகு சிறுநீர் தேயிலைச் சாயம் போல் போனால் தசை சிதைந்திருக்கலாம், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஓடும்போது மயங்கினால், நெஞ்சு நொந்தால், இதயத்தைப் பார்க்காமல் மறுபடி மைதானத்துக்கு விடக்கூடாது. காலையில் நன்றாக இருந்து பின்னேரத்தில் இமை தொங்கி, கதைக்கவும் சப்பவும் களைத்தால் அது நரம்பும் தசையும் சேரும் இடத்தில் வரும் நோயாக இருக்கலாம். நிலத்தில் இருந்து எழும்பத் தொடையில் கையூன்றினால், தலைமயிர் இழுக்கக் கை தூக்க ஏலாது என்றால், தசையே பலமிழக்கிறது. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், மெலிவு மூன்றும் சேர்ந்தால் நீரிழிவைச் சோதிக்க வேண்டும். ஒரு காலில் மட்டும், ஒரே இடத்தில், இரவில் எழுப்பும் வலியும் வீக்கமும் 'வளர்ச்சி வலி' அல்ல. எக்ஸ்றே எடுக்க வேண்டும். தொண்டை நோவுக்குப் பிறகு மூட்டு மாறி மாறி வீங்கினாலும் பிந்தக் கூடாது.

பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் களைப்புப் போகாத பிள்ளைகளும் உண்டு. என் வகுப்பில் ஒரு பிள்ளை முதல் பாடத்திலேயே மேசையில் தலை வைத்துவிடும். விசாரித்தபோது, காணாமல் ஆக்கப்பட்ட மாமனைத் தேடி அம்மம்மா இரவில் அழும் வீடு அது. துக்கம் பெரியவர்களுக்குக் கண்ணில் வரும், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பல நேரம் கைகாலில் வருகிறது. 'உடம்பு ஏலாது' என்பதைத் தவிர வேறு சொல் அவர்களிடம் இல்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதைப் பைத்தியத்தோடு சேர்த்துக் கதைப்பதை நாங்கள் நிறுத்தினால் போதும்.

அக்கா இப்போது கனடாவில். அவரின் மகளுக்கும் இதே உளைவு. அங்கே பார்த்தபோது விற்றமின் டி குறைவு. எங்கள் தோலுக்கு அந்த நாட்டு மாரிகால வெயில் காணாது, விற்றமின் டி குறைந்தால் தசை நோகும், பலமும் குறையும். புலம்பெயர்ந்த வீடுகளில் வாசிப்பவர்கள் அதையும் சேர்த்துச் சோதிக்கலாம்.

இந்த வருடப் பொங்கலுக்கு மகனைக் கதவு நிலையில் நிறுத்திக் கோடு போட்டேன். ஒரு வருடத்தில் ஒன்பது சென்ரிமீற்றர். ஈமோகுளோபின் 12.9. மரதன் பதியப் போகிறாயா என்று கேட்டேன். "பாதித் தூரம் ஓடி, மிச்சம் நடக்கலாம் எண்டா வாறன்" என்றான். விளையாட்டு ஆசிரியரிடம் கதைத்தேன். நடந்து முடிப்பவருக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி உண்டாம்.